இன்ஷாபின் கடெற் உடுப்பு

மதிய லுஹர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வளவு அஸீமா வேலியோரம் வந்து நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"ராத்தா, உங்கட மகன்ட அந்தப் பச்ச உடுப்பு இன்னும் வீட்டுலயா இரிக்கி?"

றஸீனா நோன்புக் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். "அதுக்கென்ன? அல்மாரிக்குள்ள இரிக்கி."

"என்ட அல்லாஹ்! ஆத்தங்கரப் பக்கம் ஆமி றவுண்டப் நடக்குதாம், வீடு வீடாப் பாக்கிறாங்களாம். ஒரு வீட்டுல ஆமிட உடுப்பு மாதிரிப் பச்சக் காற்சட்ட ஒண்டு கெடந்திரிக்கி. அந்தப் பொடியனக் கூட்டிட்டுப் போனதுதான், இன்னும் விடல்லியாம். நான் செல்லிட்டன், பொறகு உங்கட பாடு."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போகலாம். கேட்டவளுக்கல்லவா கை கால் ஓடவில்லை. ஈஸ்டர் ஞாயிறு குண்டுகள் வெடித்த நாளிலிருந்து காத்தான்குடியில் யாருக்கும் தங்கள் வீட்டுச் சாமான் எது, ஆபத்து எது என்று தெரியாமல் போயிருந்தது. இறைச்சி வெட்டுகிற கத்தியைக் கண்டு பயந்தார்கள். ஓதுகிற அரபுக் கிதாபை எங்கே வைப்பதென்று பயந்தார்கள். எவனோ செய்த அநியாயத்துக்கு ஊரே தன் அலுமாரியைத் தானே கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் இந்த உடுப்பைப் பற்றி மட்டும் றஸீனாவுக்கு ஒரு நாளும் பயம் தோன்றியதில்லை. அது அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது. பள்ளிக்கூடம் மகன் இன்ஷாபுக்குக் கொடுத்தது.

கொடுத்த நாளிலிருந்து அதை இன்ஷாப் உடுத்தினானே தவிர, ஆண்டது றஸீனாதான். கடெற் என்கிற மாணவர் படையணியில் சேருகிறேன் என்று அவன் வந்து நின்றபோது கட்டாரிலிருந்து புருஷன் ஜிப்ரி, "என்னத்துக்கு இந்தப் புள்ளைக்கு வெயிலுல நிக்கிற வேல?" என்றார். றஸீனாதான் விடாப்பிடியாக நின்று சம்மதம் வாங்கிக் கொடுத்தாள். வோஷிங் மெஷினுக்கு அந்தச் சட்டையைக் காட்டவே மாட்டாள். உட்புறம் வெளியே திருப்பி, கையால் கசக்கி, கஞ்சியில் முக்கி, நிழலில் காயவைத்து, ஈரத்துணி போட்டு அயன்பெட்டியால் மினுக்குவாள். துணி பளபளத்தால் அழகு கெட்டுவிடுமாம், அது அவள் கண்ட சட்டம். காயப் போடுகிற கயிறும் வாசல் கடப்படிக்கு நேரேதான், தெருவால் போகிறவர்கள் பார்க்க வேண்டாமா! "நாங்க நோம்புக்குத்தான் கஞ்சி குடிக்கிற, ராத்தாட வீட்டுல சட்டையே கிழமைக்கொருக்காக் கஞ்சி குடிக்குது" என்று அஸீமா கேலி செய்வாள். போன மாசி மாதம் அவனுக்குச் சட்டைக் கையில் தைக்கிற லான்ஸ் கோப்ரல் பட்டி கிடைத்தபோது அதை மெஷினில் தைக்க மனம் வராமல் ஊசியால் நெருக்கி நெருக்கித் தைத்தாள். தெருவில் "லான்ஸ் கோப்ரல்ட உம்மா" என்று கூப்பிட்டால் கோபம் வந்தது போல் முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் தேன் குடித்தது போல் இருக்கும்.

இப்போது அதே உடுப்பை என்ன செய்வதென்று அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்தாள். எரிக்கலாமென்றால் நோன்பு நேரத்தில் எந்த வளவில் புகை எழுகிறதென்று ஊரே பார்க்கும். புதைத்தால் புது மண் காட்டிக்கொடுக்கும். ஆற்றில் போடலாமென்றால் அங்கேதான் ஆமிக்காரர் நிற்கிறார்கள். பள்ளிக்கூடமோ பூட்டிக் கிடக்கிறது. இன்ஷாப் விடியுமுன் ஸஹருக்கு எழும்பிய களைப்பில் முன்னறையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவனை எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும், அதனால் எழுப்பவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தாள். கஞ்சி போட்ட துணி மொடமொடவென்று சத்தம் போட்டு வெட்டுப்பட்டது. கையை வெட்டினாள், கழுத்துப்பட்டியை வெட்டினாள், காற்சட்டையைத் துண்டு துண்டாக்கினாள். கண்ணீர் வந்துகொண்டேயிருந்தது, துடைக்கக் கை இல்லை. லான்ஸ் கோப்ரல் பட்டியை மட்டும் வெட்ட முடியவில்லை. பிளேடால் தையலைப் பிரித்து முழுசாக எடுத்தாள். அதையும் சேர்த்து எல்லாவற்றையும் குளியலறை வாளிக்குள் போட்டு, துணி வெளுக்கிற குளோரொக்ஸ் ஊற்றினாள். நிறம் போய்விட்டால் வெறும் துடைக்கிற சீலைதானே. பிறகு போனிலிருந்த படங்களையெல்லாம் அழித்தாள். கட்டாருக்குக் குரல் அனுப்பினாள்: "மகன் கடெற் உடுப்போட நிக்கிற படம் ஒண்டுமில்லாம அழிங்க. ஏனெண்டு கேக்காதீங்க." அழித்து முடித்துக் கை கழுவியபோது நெஞ்சு லேசாயிற்று. அப்பாடா, பிள்ளை தப்பிவிட்டான் என்று நினைத்தாள்.

பின்னேரம் அஸர் தொழுத பாயிலேயே இருந்தாள், கடப்பு திறக்கிற சத்தம் கேட்டது. இளம் அதிகாரி ஒருவர், துவக்கோடு ஆமிக்காரர் இரண்டு பேர், தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர், பெண் பொலிஸ் ஒருத்தி. யாரும் கத்தவில்லை. "பயப்புடாதீங்கம்மா, எல்லா வூட்டையும் பாக்கிறதுதான்" என்றார் அந்தப் பொலிஸ்காரர். றஸீனாவும் தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து இன்ஷாப் சாரனோடு எழும்பி வந்தான். அதிகாரியைக் கண்டதும் குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, சலியூட் அடிக்காத குறையாக நின்றான்.

"சேர், மம கெடெட் கெனெக்" என்றான். கேம்பில் படித்த சிங்களம். தான் ஒரு கடெற் என்று சொல்கிறான் என்பது றஸீனாவுக்கும் விளங்கியது. அடப் பாவி மகனே, யார் உன்னைக் கேட்டது!

அதிகாரியின் முகம் அப்படியே மாறிப்போயிற்று. சிரித்தார். தானும் பள்ளிக்கூட நாளில் கடெற்தான் என்று சொன்னாராம், பொலிஸ்காரர் தமிழில் சொன்னார். எந்தக் கேம்ப், எந்த வருசம் என்றெல்லாம் கேட்டார். இன்ஷாப் டக்கு டக்கென்று பதில் சொன்னான். தன் உம்மாவைப் பார்த்துக் கண்ணாலேயே, பார்த்தீங்களா, நான் இருக்கிறேன், நீங்கள் பயப்பட வேண்டாம் என்றான். துவக்கு வைத்திருந்தவர்கள் கூடக் கொஞ்சம் தளர்ந்து நின்றார்கள்.

"யூனிபோமக் கொண்டு வரட்டாம். சேர் பாக்கணுமாம்."

இன்ஷாப் அறைக்குள் ஓடினான். போகாதே என்று சொன்னால் ஏனென்று கேட்பார்கள். சும்மா நின்றால் அவன் அலுமாரியைத் திறப்பான். றஸீனா சும்மா நின்றாள். அலுமாரிக் கதவு திறந்தது, ஹேங்கர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுப்பட்டன, பிறகு சத்தமே இல்லை.

"உம்மா, எங்க?"

அவள் பதில் சொல்வதற்குள், உள்ளே தேடப் போன பெண் பொலிஸ் குளியலறையிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாபிள் தரையில் தண்ணீர் சிந்தியது. துணியின் நிறம் முழுதாகப் போகவில்லை, மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழுந்து பச்சை தெரிந்தது. முழுசாகத் தொங்கியிருந்தால் அது பள்ளிக்கூட உடுப்பு. இப்போது அது என்னவென்று சொல்ல யாருமில்லை. அதிகாரி குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஏன் வெட்டின நீங்க?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"பயத்துல சேர்."

"எதுக்குப் பயம்? புள்ள கடெற் எண்டா என்ன பயம்?"

உங்களுக்குப் பயந்துதான் என்று றஸீனா எப்படிச் சொல்வது? உங்களைப் பார்த்துத்தான், இதோ இப்படி வந்து நிற்பீர்களே என்றுதான் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? போனிலாவது படம் இருக்கா என்று கேட்டார்கள். அதையும் அழித்தேன் என்று சொன்னபோது அவள் குரல் அவளுக்கே களவுக் குரலாகக் கேட்டது. கடெற் மாஸ்டர் உதயரூபன் சேருக்குக் கோல் எடுத்துப் பார்த்தார்கள், போன் ஓஃப்.

இன்ஷாப் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தான். ஈரத்துக்குள் கையை விட்டுப் பட்டியைத் தேடி எடுத்தான். "இத நான் திருப்பிக் குடுக்கணும் உம்மா," என்றான். "உதயரூபன் சேர்ட்ட நான் என்ன செல்ற?" அழவில்லை. அழுதிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். தன்னைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்பது இந்தப் பிள்ளைக்கு இன்னும் உறைக்கவில்லையே!

அதிகாரி அவனைப் பார்த்துவிட்டுப் பொலிஸ்காரரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். "மாஸ்டர்ட வூடு டவுணுலதானே, அங்க கூட்டிட்டுப் போய்க் கேட்டுட்டு விட்டுருவாங்களாம்" என்றார் பொலிஸ்காரர். "அவர் ஓம் எண்டாச் சரி."

"அவர் இல்லாட்டி?"

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

இன்ஷாப் உள்ளே போய் ஒரு களுசானும் சேர்ட்டும் மாட்டிக்கொண்டு வந்தான். கையில் கடெற் சப்பாத்து இருந்தது. கட்டிலுக்கடியில் கிடந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். கதிரையில் குந்திக் காலை நுழைத்தான். றஸீனா அவன் முன்னால் நிலத்தில் குந்திவிட்டாள்.

"நான் கட்டுறன் உம்மா."

"சும்மா இரி மனே."

சப்பாத்துக் கயிற்றை ஒவ்வொரு ஓட்டையாக இழுத்து இறுக்கினாள். வாசலில் ஜீப் ஸ்டார்ட் எடுத்தது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு காலுக்கு முடிச்சுப் போட்டாள். மற்றக் காலுக்கும் போட்டாள். சரியில்லை என்று முதல் காலை அவிழ்த்தாள்.

"இறுக்கமாத்தான் இரிக்கி உம்மா, விடுங்க."

அவள் மற்றக் காலையும் அவிழ்த்தாள்.