சிங்கத்தின் பிடரியில் ஒரு கண்ணாடிப் பட்டை

எங்கள் மாளிகையின் நடு பால்கனியை ஐந்து கல் முகங்கள் தாங்குகின்றன. மூன்றாவது முகம் ஒரு சிங்கம். 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரையே மஞ்சள் கல்லில் திரும்பக் கட்டியபோது செதுக்கியது. ஜனவரியில் அதன் பிடரியில் விரிசல் கண்டது. பொறியாளர் வந்து, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சாந்தில் பதித்தார்.

"இது உடைஞ்சா கல்லு நகருதுன்னு அர்த்தம். அப்புறம் மேலயும் யாரும் நிக்கக்கூடாது, கீழயும் நிக்கக்கூடாது."

கீழ்த்தள ஜன்னலிலிருந்து கையெட்டும் தூரம்தான். தினமும் காலையில் பார்த்தேன். கண்ணாடி முழுசாகவே இருந்தது. ஆனாலும் மனம் அடங்கவில்லை. வெளியே கிளம்பி, பாதி வழியில் திரும்பிவந்தும் பார்த்தேன்.

ஆகஸ்டில் புனிதரின் சப்பரம் எங்கள் பால்கனிக்குக் கீழே இறங்கும். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வெளியே வந்து, வயிறு தள்ளி வளைந்த இரும்புக் கம்பிமேல் சிவப்புப் பட்டுத்துணியைத் தொங்கவிட வேண்டும். அதுவரை சுமந்துவரும் நாற்பது பேரும் சப்பரத்தைத் திரும்பத் தூக்கமாட்டார்கள். பட்டு தொங்காத வீடு முடிந்துபோன வீடு. எதிர் மாளிகை அப்படித்தான் முடிந்து, இப்போது ஓட்டலாக இருக்கிறது.

திருநாளன்று பட்டுத்துணியை எடுக்க அண்ணன் ருஜ்ஜேரோவின் அலமாரியைத் திறந்தேன். பட்டின் அடியில் ஒரு சுருட்டுப் பெட்டி. அதற்குள் உடைந்த கண்ணாடிப் பட்டைகள், ஏழு.

"அண்ணா, ஏழு தடவையா உடைஞ்சுது?"

அவர் நிலைக்கண்ணாடிமுன் டை கட்டிக்கொண்டிருந்தார். "எட்டு. ஒண்ணு தெருவுல விழுந்துடுச்சு."

"நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நீ மாத்திவச்சுட்டே இருந்திருக்கே."

"சொன்னா நீ அந்த இன்ஜினியருக்குப் போன் பண்ணுவே" என்று அவர் சொல்லவில்லை. அப்படித்தான் என்னைப் பார்த்தார். பிறகு, "முந்நூறு வருஷம் தாங்கினது ஒரு நிமிஷம் தாங்காதா?" என்றார்.

"கீழ நாப்பது பேர் நிப்பாங்க."

அவர் டையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி போட்டார்.

தெருமுனையில் மேளம் கேட்டது. அவரைப் பூட்டிவைத்தாலும், பட்டு தொங்கும்வரை அந்த நாற்பது பேரும் அங்கேயே காத்திருப்பார்கள். பட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினேன். மாளிகைக்கு முப்பது அடி முன்னால், மருந்துக்கடை வாசலில், தெருக்கல்மேல் விரித்தேன்.

சப்பரம் நின்றது. முன்தோள் கொடுத்திருந்த ரொட்டிக்கடை நுன்ச்சியோ குனிந்து பார்த்தான்.

"என்ன எர்சிலியாம்மா, துணி காயப்போடுறீங்களா?"

"இங்கேயே இறக்குங்க."

"உங்க வீடு அங்க இருக்கு. புனிதருக்கு வழி தெரியும்."

பின்னால் சிலர் சிரித்தார்கள்.

"எங்க சிங்கம் விழப்போகுது, நுன்ச்சியோ. அதுக்குக் கீழ நீங்க நிக்கவேண்டாம். பட்டு இருக்கு, நான் இருக்கேன். போதாதா?"

எங்கள் வீடு உடைகிறது என்று எங்களில் ஒருவர் தெருவில் நின்று சொன்னது அதுதான் முதல் தடவை. மேளம் ஓய்ந்தது. நுன்ச்சியோ சிங்கத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு சப்பரத்தை இறக்கச் சொல்லும் மணியை அடித்தான். இறக்கினார்கள்.

அப்போது பால்கனிக் கதவு திறந்தது. கறுப்புக் கோட்டில் அண்ணன். ஒரு கால் வாசற்படிமேல் இருந்தது. கீழே வெறும் கல்தரை. தூரத்தில் பட்டு, நான், ஊர். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சப்பரம் பின்சந்து வழியாகப் போயிற்று.

மறுநாள் காலை விரிசல்மேல் புதுக் கண்ணாடி இருந்தது. இந்த முறை பக்கத்தில், சாந்தின்மேல், அண்ணன் பென்சிலால் தேதி எழுதியிருந்தார். மதியம் அது உடைந்தது. பொறியாளரை அழைக்கத் தொலைபேசியை அவரே எடுத்தார்.