மெத்தை டயர்

வேனை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார்கள். டயர் கடைக்காரர் பழைய டயரை உருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு, புதிதாக வந்திறங்கிய நான்கையும் காலால் தட்டிக் காட்டினார். பழையதைவிட இரண்டு விரல் உயரம் கூடுதல், ஒரு விரல் அகலம் குறைச்சல்.

"உக்காந்து போறவருக்கு மெத்தைதான். பள்ளம் மேடு எதுவும் தெரியாது. ஆனா வளைவுல வண்டி சாயும், ரோட்டையும் சரியாப் பிடிக்காது. நடு சைஸ் ஒண்ணு இருக்கு. இடுப்புக்கும் பரவாயில்ல, வளைவுக்கும் பரவாயில்ல. கேட்டுச் சொல்லு."

டிரைவர் போன் போட்டுக் கேட்டான். தையல் ஆலையின் மேனேஜருக்கு முதுகெலும்பு தேய்மானம். தினமும் அந்த வேனின் முன்சீட்டில்தான் வருவார்.

"இடுப்பு எனக்கு வலிக்குதா, உனக்கு வலிக்குதா?" என்றார் அவர். "சொன்னதைப் போடச் சொல்லுப்பா."

பின்னால் உட்காரும் பெண்களின் இடுப்பை யாரும் கேட்கவில்லை. அவர்களில் ஒருத்தி டிரைவரின் மனைவி. காலர் தைப்பவள்.

ஆலைக்குப் போகும் வழியிலிருந்த குவாரி வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கல்லெடுத்த பள்ளத்தில் தண்ணீர். புது டயர் மாட்டிய முதல் நாளே அங்கே வேன் குடிகாரனைப் போலத் தள்ளாடியது. ஸ்டியரிங்கை அவன் திருப்பிய பிறகு, யோசித்துவிட்டுத்தான் வண்டி திரும்பியது. பின்னால் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள். அவன் வளைவு முடியும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் நான்கு டயரிலும் காற்றைக் கூட்டி வைத்தான். ரோட்டுப் பிடிமானம் அதனால் அதிகமாகிவிடாதுதான். ஆனால் டயர் விறைப்பாக நிற்கும், வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். கேட்கத்தான் செய்தது. இரண்டாம் நாள் மேனேஜர் முதுகைப் பிடித்துக்கொண்டு, வண்டியை பெட்ரோல் பங்குக்கு விடச் சொன்னார்.

"காத்தை ஏத்தி வச்சிருக்கியா? என்கிட்டயே உன் வேலையக் காட்டுறியா? இறக்கு."

அவன் டயர் டயராகக் குந்தி உட்கார்ந்து காற்றை இறக்கினான். ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். மனைவி மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வளைவுக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை ஊர்ந்து போகவிட்டான். சங்கு ஊதியதும் ஆலை கேட் மூடிவிடும். தாமதமாக வருவது ஆலையின் சொந்த வண்டியாகவே இருந்தாலும் மூடிவிடும். மேனேஜர் ஆபீஸ் வாசல் வழியாக உள்ளே போய்விடுவார். பெண்கள் மதியம்வரை வெயிலில் நிற்பார்கள். அரைநாள் கூலி போச்சு.

மூன்றாவது முறை கேட்டுக்கு வெளியே நின்றபோது அவர்கள் பொறுக்கவில்லை.

"உன் புருஷன் வண்டி ஓட்டுறாரா, தள்ளிட்டு வர்றாராடி?" என்று ஒருத்தி அவன் மனைவியிடம் பாய்ந்தாள்.

"டயர் சரியில்லம்மா. வேகமாப் போனா கவுந்துரும்," என்றான் அவன்.

"வீட்டு வாடகை கேக்க வர்றவன்கிட்ட இந்த டயர் கதையச் சொல்லட்டுமாண்ணே?"

அவனுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் வேனில் ஏறிய பிறகு, மேனேஜர் படியில் நின்று பின்பக்கம் திரும்பினார். "எனக்கு இவர்மேல ஒண்ணும் இல்ல. நீங்கதான் நஷ்டப்படுறீங்க. வேற டிரைவர் வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. அவன் கண்ணாடியில் பார்த்தான். மேனேஜர் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு கை மட்டும் இறங்கியே இருந்தது. பிறகு அதுவும் மெல்ல உயர்ந்தது.

வீட்டில் அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"தூக்காம இருந்தா என்னையும் அனுப்பியிருப்பாங்க. அப்புறம் என்னத்தைத் திங்கிறது?"

"அது கிடக்கட்டும். நாளைக்கு அந்த வண்டியிலயா போவே?"

"பறந்தா போக முடியும்?"

மறுநாள் காலையில் வேலை கேட்டு டயர் கடைக்குப் போனான். ஆள் தேவையில்லை என்றார் கடைக்காரர். டீயாவது குடித்துவிட்டுப் போ என்றார். குவாரி வளைவு முடியும் இடத்தில்தான் அந்தக் கடை. அங்கிருந்து பார்த்தால் வளைவு முழுக்கத் தெரியும்.

வேன் வந்தது. புது டிரைவர் பிரேக்கைத் தொடவேயில்லை. வண்டி தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்தது, டயர்கள் கிறீச்சிட்டன. உள்ளே தலைகளெல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்தன. இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசி ஜன்னலில் அவன் மனைவி தனக்கு முன்னால் இருந்த சீட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றி, கண்களை இறுக மூடியிருந்தாள். டிரைவருக்குப் பக்கத்தில், தலைக்கு ஒரு சின்னத் தலையணை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மேனேஜர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.