குசினியில் வெடிக்கும் துவக்கு

ஜெயசிங்கத்தின் துவக்கு சுடும் இடத்தில் சத்தம் போடாது. அதன் வெடி கிரெய்கிபர்னில் இருக்கும் அவருடைய வீட்டுக் குசினியில்தான் கேட்கும். வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுடும் அவருடைய கிளப் அங்கிருந்து முக்கால் மணி நேரக் கார் ஓட்டம். பக்கம் பக்கமாக இரண்டு குழல், சுடுமுன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டிய இரண்டு குதிரைகள். இந்தக் காலத்தில் யாரும் வாங்காத பழைய துவக்கு. அவர் விசையை அழுத்தினால் புகை வரும், ஆரஞ்சுத் தட்டு வானத்தில் தூளாகும், சத்தம் மட்டும் வராது. மற்றவர்கள் முதலில் தங்கள் காதுமூடிகளைச் சந்தேகித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

பழகாதவர் அவருடைய மனைவி பற்றிமா. மன்னாரில் ஷெல்லடிக்குள் வளர்ந்தவர். சனிக்கிழமைகளில் முதல் வெடிக்கே மேசைக்கடியில் போய்விடுவார். ஒரு சனிக்கிழமை கையில் கொதியெண்ணெய்ச் சட்டி இருந்தது. வெந்த கையோடு சூட்கேசை இறக்கிக் கதவடியில் வைத்தார். சிட்னியில், வெஸ்ட்மீட்டில், தங்கை நிஷானி இருந்தாள். ஜெயசிங்கம் பயந்துபோய்த் துவக்கை இரும்பு அலுமாரியில் பூட்டினார். அடுத்த சனிக்கிழமை, பூட்டு பூட்டியபடி இருக்க, குசினி வழக்கமான நேரத்துக்கு வெடித்தது. விற்றுவிடலாம் என்றார்.

“வாங்கிறவன் சுட்டாலும் இஞ்சதானே கேக்கும்? ஷெல்லெண்டாலும் விழமுன்னம் கூவும், படுத்திடலாம். உங்கட சனியனுக்கு அதுகூட இல்லை. இனி ஒருக்கால் சொல்லாமக் கொள்ளாம வெடிச்சா நான் நிக்கமாட்டன்” என்றார் பற்றிமா.

கிளப்பில் சுடுபவர் இங்கிலீஷில் ‘புள்’, அதாவது ‘இழு’, என்று கத்த வேண்டும். முன்னாலிருக்கும் மைக் அதைக் கேட்டுத் தட்டை எறியும். அந்தச் சொல்லைத்தான் கத்த வேண்டுமா என்று ஜெயசிங்கம், கூடச் சுடும் சென்னைக்காரர் பிரதீப்குமாரிடம் கேட்டார்.

“மைக்குக்கு இங்கிலீஷ் தெரியாதுண்ணே. சத்தம் வந்தா எறியும். அண்ணி பேரச் சொல்லிக் கத்துங்க, இன்னும் வேகமா எறியும்.”

பிரதீப்குமார் சிரித்தார். ஜெயசிங்கம் சிரிக்கவில்லை. ‘புள்’ என்ற கூச்சல் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. பெயர் போகுமா என்பது யாருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை பற்றிமா அடுப்பை அணைத்துவிட்டு, சூட்கேஸ் கண்ணில் படும்படி நின்றார். கிளப்பில் ஜெயசிங்கத்தின் கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. குதிரைகளை ஒவ்வொன்றாக இழுத்து நிறுத்தினார்.

“பற்றிமா!”

தட்டு கிளம்பியது. உடனே சுட வேண்டும்; அவர் சுடவில்லை. பெயர் போய்ச்சேரட்டும் என்று, தட்டு உச்சிக்குப் போய்ச் சரியத் தொடங்கும்வரை பொறுத்து அழுத்தினார். தவறியது. இரண்டாவது குழலை அழுத்தினார். நிலத்துக்குச் சற்று மேலே தட்டு உடைந்தது. கைத்தொலைபேசியை எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அதுவே அடித்தது.

“அரிசி வாளிக்குப் பின்னால நிண்டு கூப்பிட்ட மாதிரிக் கேட்டது. ரெண்டு தரம் வெடிச்சுதே, முதலாவது பிழைச்சிட்டுதோ?”

“ஓம்.”

“ஏனப்பா அவ்வளவு சுணங்கினீங்கள்?”

“சூட்கேஸ்?”

“கதவடியில கிடக்கு. வந்து மேல வையுங்கோ, எனக்குக் கை ஏலாது.”

அதன் பிறகு அந்த மைக் வேறு எந்தச் சொல்லுக்கும் தட்டை எறிவதில்லை. பிரதீப்குமாரும் வெள்ளைக்காரர்களும் பற்றிமா என்று கத்திவிட்டே சுடுகிறார்கள். குசினிக்கு வருவது ஜெயசிங்கத்தின் குரல் மட்டும்தான். அது கேட்டதும் பற்றிமா சட்டியை இறக்கிவைத்து, சுவரைப் பிடித்துக்கொள்வார்.