ஆரோக்கியமானவர்கள் வரிசை

எங்கள் ஆய்வகத்தில் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஆரோக்கியமானவர்களின் ரத்தத்துக்குத்தான் நாயாக அலைய வேண்டும். அதனால் ஆளுக்கொரு சொந்தக்காரரைப் பிடித்து வருவது வழக்கமாகிவிட்டது. நான் தம்பியை இழுத்து வந்தேன். லிஃப்ட் மெக்கானிக், சளி பிடித்தால்கூட லீவு போடாதவன். சர்க்கரை அளவும் சரியாகவே இருந்தது. நரம்பு அகப்படாமல் இரண்டு முறை குத்தியதில் மட்டும் முகம் சுளித்தான்.

நாங்கள் தேடுவது மைக்ரோ ஆர்.என்.ஏ. செல்லுக்குள் இருக்கும் பொடித் துணுக்குகள். இன்ன புரதத்தை உருவாக்காதே என்று அடக்கி வைப்பதுதான் அவற்றின் வேலை. அவற்றில் சில அளவு மீறினால் இன்சுலின் சுரப்பு தடுமாறும். சர்க்கரை ஏறுவதற்குப் பல வருடம் முன்பே அந்த மாற்றம் ரத்தத்தில் தெரியலாம் என்பது எங்கள் நம்பிக்கை. இதைச் சொன்னபோது தம்பி, "எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லு. தானும் செய்யமாட்டான், செய்யறவனையும் விடமாட்டான்" என்றான்.

முடிவு வந்த அன்று திரையில் நோயாளிகளின் புள்ளிகள் ஒரு பக்கமும் ஆரோக்கியமானவர்களின் புள்ளிகள் மறுபக்கமும் கூடியிருந்தன. ஆரோக்கியமானவர் ஒருவர் மட்டும் இடம் மாறி நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தார். எண்ணைப் பார்த்தேன். தம்பி. எங்கள் அப்பா சர்க்கரையால் முதலில் விரலை இழந்தார், பிறகு காலை, பிறகு பார்வையை. கடைசி வரைக்கும் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் தம்பிதான்.

ஒரே ஒரு சாக்கு மிச்சமிருந்தது. இரண்டு முறை குத்தி எடுத்த அந்த ரத்தத்தின் சீரம், ரத்தம் உறைந்தபின் தெளிந்து பிரியும் நீர், லேசாகச் சிவந்திருந்தது. சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். உடைந்தால் அவற்றிலிருக்கும் துணுக்குகளும் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். கொட்டியிருக்க வேண்டிய சீரம். ஆள் கிடைக்காத ஆத்திரத்தில் வைத்துக்கொண்டேன். இப்போது அந்த அரைகுறை வேலையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி வரச் சொன்னேன். மூச்சு வாங்க நின்றான்.

"ஏன்டா, லிஃப்ட்ல வரலையா?"

"ஓடுதுக்கா. ஆனா சத்தம் சரியில்ல. கீழ வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன். ஏறுறவனுக்குத் தெரியணும்ல."

நான் பஞ்சை எடுத்துக்கொண்டேன். இந்த முறை முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

"முன்னாடி எடுத்தது என்னாச்சு?"

"சரியா எடுக்கல. என் தப்பு."

"அப்பா மாதிரி எதுவும் இல்லையே?"

"சர்க்கரை நார்மலாத்தான்டா இருக்கு."

அது பொய் இல்லை. அவன் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

ரத்தம் உறையும் வரை டீ குடித்தோம். அவன் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டான், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சீரம் பிரிவதற்காகக் குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழலவிட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, சிவந்துவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு முறையும் அந்த இயந்திரத்தின் மூடியைத் திறந்திருக்கிறேன். இன்று சிவந்திருக்க வேண்டும் என்று நினைத்துத் திறந்தேன். சிவந்திருந்தால் இதைக் கொட்டிவிடலாம்.

"இந்தத் தடவை நல்லா வந்திருக்காக்கா?"

குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். வெளிர் மஞ்சளில், ஒரு பொட்டுச் சிவப்பில்லாமல் தெளிந்திருந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றேன்.

குழாய்க்கு அந்தப் பக்கம் அவன் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.