மூடி வைத்த சோறு

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து சில வருடங்கள் கழித்து ஒரு தேநீர்க் கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அயல் நாட்டுக் கரையில் இருக்கும் அணு உலையை மூடவைக்க எங்கள் அரசாங்கம் பாடுபடுகிறதாம். காரணம், கரையோர மக்களாகிய எங்கள் உயிர் மீதுள்ள அக்கறை. எனக்குத் தேநீர் புரைக்கேறியது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘வாவியின் மீது அந்தி மெல்லக் கவிந்தபோது...’ அடித்துவிட்டேன். கவியட்டும், எனக்கென்ன? அடுத்தது: ‘அரசாங்கம் என்பது ஒரு தாயைப் போல...’ இதை எழுதிய கையில் நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.

2.

சரி, சீனிப்பிள்ளையை வைத்துத் தொடங்குகிறேன். கிழக்குக் கரை ஆரையம்பதிக்காரி, கடலோடு சேரும் வாவியில் இறால் பிடிப்பவள். சுனாமியன்று மகள் தக்சிகாவைக் கடல் கொண்டுபோனது. மகன் மதுரன் தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினான். போர் முடிகிற நேரத்தில் சீருடைக்காரர்கள் வந்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் விசாரிக்கிறார்கள்.

[இங்கே அவளை அழவைக்கலாமா என்று யோசித்தேன். அழமாட்டாள். என்னைவிடக் கோபக்காரி.]

ஒவ்வொரு சுனாமி நாளிலும் தக்சிகாவுக்கு இலை போட்டுப் படைப்பாள். பக்கத்தில் ஒரு கோப்பையில்* மதுரனுக்குச் சோறும் தேங்காய்ப்பால் விட்ட இறால் சொதியும் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி வைப்பாள்.

(* எங்கள் பக்கத்தில் கோப்பை என்றால் சாப்பிடும் தட்டு. தேநீர் ஊற்றிவிடாதீர்கள்.)

3.

அப்படியொரு நாளில் அரசாங்க அதிகாரி நல்லரத்தினம் வந்தார். அன்று பின்னேரம் கடற்கரையில் அணு உலைக்கு எதிராகக் கூட்டம். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். இன்னொரு அலை அடித்து அந்த உலை உடைந்தால் என்னாகும் என்று, அலைக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய் ஒருத்தி பேச வேண்டும். அவர் கண் இலைக்கும் போனது, கோப்பைக்கும் போனது.

“ரெண்டு பிள்ளையும் கடலோட போயிட்டுதாம்மா?”

“ஒண்டுதான் ஐயா. மற்றவன் உங்கட ஆக்கள்ட்ட இரிக்கான்.”

“ரெண்டு படையல் இரிக்கே.”

“படையல ஆராவது மூடி வைப்பாங்களா ஐயா? செத்தவங்களுக்குத் திறந்து வைக்கிற. பிந்தி வாறவனுக்குத்தான் மூடி வைக்கிற.”

நல்லரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். [முதல் பிரதியில் இவரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். மாற்றிவிட்டேன். நல்ல மனிதர்கள் வந்துதான் இப்படிக் கேட்கிறார்கள், அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.]

“மேடையில ரெண்டு எண்டே சொல்லுங்கம்மா. மகன்ட கதைய எடுத்தா கூட்டம் குழம்பிடும். அவனைப் பத்தி நான் மேல இரிக்கிற ஆக்கள்ட்ட கதைக்கிறன்.”

“கடலோட போனவனைப் பத்தி மேல என்னத்தக் கதைப்பீங்க?”

4.

கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். அக்கரை உலையிலிருந்து என்றோ வரப்போகும் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று இவர்களுக்குத் தெரியும். இவர்களே ஏற்றிக்கொண்டு போன பிள்ளை எங்கே என்று தெரியாது. எனக்கும் அந்த உலை பயம்தான், மூடட்டும். ஆனால் எங்கள் உயிருக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள். சொல்வதென்றால், முதலில் கொண்டுபோன உயிருக்குக் கணக்குச் சொல்லுங்கள்.

5.

முடிவு ஒன்று: மேடையில் ‘ரெண்டு’ என்கிறாள். கை தட்டுகிறார்கள். நல்லரத்தினம் சொன்னபடியே மேலே கதைக்கிறார். பெற்றவளே கடலில் போனான் என்று சொல்லிவிட்டாளே, இனி எதைத் தேடுவது என்கிறார்கள்.

முடிவு இரண்டு: ‘ஒண்டு’ என்கிறாள். ஒலிவாங்கி அணைகிறது. அன்றிரவே அவள் வீட்டு வாசலில் ஒரு வாகனம்... வேண்டாம். இதை நான் எழுதமாட்டேன்.

வேறு வழியில்லாமல் அவளிடமே கேட்டேன்.

“என்னத்தையும் எழுது மனே,” என்றாள். “அந்தக் கோப்பைய மட்டும் திறந்துடாத.”

திறக்கவில்லை. கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவள் ஒன்று என்று சொல்ல வேண்டுமா, இரண்டு என்று சொல்ல வேண்டுமா? உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே உள்ளே போய்ச் சொல்லுங்கள். வாசலில் நல்லரத்தினம் நிற்பார், விலகி வழிவிடுவார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், அந்தக் கோப்பையைப் பார்த்துச் சொல்லுங்கள். சொதி ஆறிவிட்டது. மதுரன் வந்தால் சூடாக்கிக் கொடுப்பாள்.