நாலாவது படத்தில் இருக்கும் கை

எங்கள் கம்பெனியின் இணைய உதவித்தளத்தை எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறோம் என்று மேலாளர் சொன்ன அன்று, அலுவலகத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் தலைவலி என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தலைவலிதான்.

நாங்கள் தையல் மெஷின் செய்கிறவர்கள். அதாவது, கம்பெனி செய்கிறது. நான், செய்த மெஷின் மக்கர் பண்ணினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறவள். நூல் அறுந்துகொண்டே இருந்தால், ஊசி ஒடிந்தால், பெல்ட் வழுக்கினால், அடிநூல் சுற்றிய பாபின் சிக்கிக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை, படிப்படியாகப் படத்தோடு. ஆறு வருடத்தில் இருநூற்றுப் பதினெட்டு எழுதியிருக்கிறேன். அத்தனையும் இதுவரை எங்கள் விற்பனையாளர்களுக்கு மட்டும். பாஸ்வேர்டு போட்டால்தான் கதவு திறக்கும். கூலிக்கு வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் தலைகீழாக நின்றாலும் உள்ளே வர முடியாது.

என் அண்ணன் அப்படி ஒரு மெக்கானிக். எந்த ஊரில் என்றுதான் தெரியாது.

அவன் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அப்பா டெய்லர். வீட்டு முன்னறைதான் கடை, இருந்தது ஒரே மெஷின். அதில் 'டொக் டொக்'கென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு அது காதிலேயே விழாது. அண்ணனுக்கு அதைத் தவிர வேறு எதுவும் விழாது. நாற்பது பள்ளிச் சீருடை மறுநாள் காலையில் கொடுக்க வேண்டியிருந்த நேரத்தில், அப்பா சாப்பிட உள்ளே போன அரைமணியில், மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டான். சத்தம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தும் விட்டான். ஒரு ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டத்தான் தெரியவில்லை. சீருடை போகவில்லை. அளவு கொடுக்க வந்திருந்த நாலு பேர் முன்னால் அப்பா அவனைக் கன்னத்தில் அறைந்தார். "இனிமே என் மெஷின் பக்கம் வந்தே, கைய ஒடிச்சிடுவேன்" என்றார். இருபத்து நாலு வயது ஆண்பிள்ளை. ஸ்க்ரூ டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான்.

ஒரு கடிதம் கிடையாது, ஒரு போன் கிடையாது. ரோஷத்தில் அச்சு அசல் அப்பா. நடுவில் அவன் சிநேகிதர் ஒருவர் வந்து, எங்கேயோ துணி ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறான் என்று சொன்னார். எங்கே என்று கேட்டதற்குத் திருதிருவென்று முழித்தார். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது, அண்ணனுக்குச் சொல்லியனுப்ப ஒரு முகவரி இல்லை. கடைசி ஆறு மாதம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "பெரியவனா பாரு" என்பார் அப்பா. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பால்காரர் என்பேன், தபால்காரர் என்பேன். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே கசந்துவிட்டது.

ஆகவே, தளம் திறக்கப் போகிறது என்றதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. இன்றைக்கு எந்த மெக்கானிக்கும் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டுதான் மெஷினைத் திறக்கிறான். எங்கள் மெஷின் இல்லாத ஃபேக்டரி கிடையாது. அந்த ஸ்பிரிங்குக்குப் பிறகு அண்ணன் எதையும் படிக்காமல் தொட மாட்டான். என்றைக்காவது அவன் கையில் ஒரு பாபின் சிக்கும். தேடுவான். கட்டுரை வரும். கீழே என் பெயர் இருக்கும், படம் இருக்கும். எனக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பொது அமைப்புகளை எல்லாம் சரிபார்த்து வைக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வேகத்தடை. கெட்ட மனிதர் இல்லை. எந்த வேலை ஓடிவந்தாலும் அவரிடம் ஒரு முறை குலுங்கித்தான் போகும்.

'யார் பார்க்கலாம்' என்பதில், உள்நுழைந்தவர்கள் என்பதை எடுத்துவிட்டு 'எல்லோரும்' என்று மாற்றினேன். தலையாட்டினார். கட்டுரைக்குக் கீழே வாசகர்கள் பேசிக்கொள்ளும் பகுதியை மூடச் சொன்னார். மூடினேன். அடுத்தது, 'எழுதியவரின் பெயரையும் படத்தையும் காட்டு.'

"அத ஆஃப் பண்ணிடுங்க. 'உதவிக் குழு'ன்னு மட்டும் வரட்டும்."

"எழுதினவங்க பேரு இருந்தா படிக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும் சார்."

"நம்பிக்கை வரும். அப்புறம் அந்தப் பேரைத் தேடிக்கிட்டு வீட்டு வாசல்லயே வந்து நிப்பாங்க."

அதுதான் சார் எனக்கு வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. மென்று முழுங்கிவிட்டு ஆஃப் செய்தேன். இருநூற்றுப் பதினெட்டுக் கட்டுரைகளிலும் என் பெயர் ஒரே சொடுக்கில் காணாமல் போயிற்று. ஆறு வருடமாக எழுதினேன். அழிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கடைசியாக மிஞ்சியது, ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் வரும் 'இது உதவியதா?' என்ற கேள்வி. ஆம் என்றால் நன்றி சொல்லி முடிந்துவிடும். இல்லை என்றால் ஒரு பெட்டி திறக்கும், காரணம் எழுதலாம். எழுதுகிறவர் மின்னஞ்சல் முகவரி கொடுத்தே ஆக வேண்டுமா, வேண்டாமா?

"கட்டாயம் கேளுங்க. பேரு ஊரு இல்லாம கண்டவனும் வந்து திட்டிட்டுப் போவான்" என்றார்.

இதில் மட்டும் நான் ஒற்றைக்காலில் நின்றேன். முகவரி கேட்டால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்றேன். தப்பு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாமலே போகும் என்றேன். அவருக்குத் தெரியாதது, ஓடிவிடுவான் என்று நான் பயந்தது ஒரே ஒரு ஆளை நினைத்துத்தான். பதினோரு வருடம் முகவரி கொடுக்காதவன் ஒரு பெட்டியில் கொடுத்துவிடுவானா? வேகத்தடை என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, உங்க இஷ்டம். திட்டு வந்தா நீங்களே வாங்கிக்கணும்" என்று எழுந்து போனார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பெயர் போனால் போகட்டும், கை இருக்கிறதே என்று தோன்றியது அதற்குப் பிறகுதான். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அப்பா இல்லாத நேரத்தில் அண்ணனும் நானும் மெஷினை ஓட்டி விளையாடியபோது, என் இடது ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கிவிட்டது. அவன்தான் சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை வெளியே எடுத்தான். எடுத்துவிட்டு என்னைவிட அதிகமாக அழுதான். நகம் அன்றிலிருந்து நடுவில் பிளந்துதான் வளர்கிறது. அவனும் அன்றிலிருந்து என்னை 'ஊசி' என்றுதான் கூப்பிட்டான். படங்கள் மங்கலாக இருக்கின்றன, பொதுத் தளத்துக்கு ஆகாது என்று வேகத்தடையிடம் சொல்லி, அதிகம் தேடப்படும் முப்பது கட்டுரைகளுக்குப் புதுப் படம் எடுத்தேன். முப்பதிலும் என் இடது கை. பாபின் கட்டுரையில் நாலாவது படம் மட்டும் கொஞ்சம் அதிகப்படி. அதில் பாபினை ஒரு ஓரமாகத்தான் பார்க்க முடியும், மீதி எல்லாம் விரல்.

தளம் திறந்தது. நான் காத்திருந்தேன். அம்மாவுக்கு விஷயம் தெரியும். நான் வேலை முடிந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள், "உன் கடைக்கு இன்னைக்கு யாராவது வந்தாங்களாடி?" என்பாள். அப்பாவோடு வாழ்ந்தவளுக்கு எல்லாமே கடைதான்.

"யாரும் வரலம்மா."

"கடை திறந்த புதுசுல அப்படித்தான் இருக்கும். போகப் போக வருவாங்க."

ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம். வந்தவர்கள் எல்லாம் பழைய விற்பனையாளர்கள். வெளியாள் ஒருத்தர்கூட இல்லை. உலகத்தில் எங்கேயும் ஒரு பாபின்கூடச் சிக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாற்பத்து மூன்றாவது நாள், சும்மா இருக்க மாட்டாமல் அமைப்புகளை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தேன். இரண்டாவது பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. 'தேடுபொறிகளிடமிருந்து மறை.' அதில் டிக் அடித்திருந்தது. தளத்தைச் சோதித்துப் பார்த்த நாட்களில், அரைகுறையாக யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று நானே அடித்த டிக். எல்லோரும் வாருங்கள் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு, தெருவையே மூடி வைத்திருந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று நாளில் அவன் ஒரு தடவையாவது தேடியிருந்தால்?

டிக்கை எடுத்த பிறகு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பத்து, அப்புறம் நூறு, அப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பெட்டிகளும் நிரம்பின. "இல்லை. எனக்கு மெஷினே கிடையாது, சும்மா வந்தேன்" என்று ஒருவர். "படி மூன்றில் சொன்னபடி செய்தேன், இப்போது படி இரண்டும் வேலை செய்யவில்லை" என்று ஒருவர். எங்கள் மெஷின் சத்தத்தில் வீட்டுக்காரரின் குறட்டை காதில் விழுவதில்லை, ரிப்பேர் செய்ய மனசில்லை என்று ஒரு அம்மாள். திட்டியவர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையும் ஒன்றுவிடாமல் படித்தேன். இப்படி ஏழு மாதம்.

போன திங்கட்கிழமை, பாபின் கட்டுரைக்கு வந்த பதினான்கு பெட்டிகளில் ஒன்பதாவதைத் திறந்தேன்.

"ஊசி, கட்டுரை சரியாத்தான் இருக்கு. 'இல்லை'ன்னு அமுக்கினாத்தான் எழுத விடுது, அதான் அமுக்கினேன். தப்பா எடுத்துக்காதே. நாலாவது படத்துல இருக்கறது உன் கைதான். நல்லா எழுதறே. இனிமே தினமும் இந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். அப்பாவுக்குக் கோபம் தீர்ந்துடுச்சா?"

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பிறகு, அனுப்பியவர் என்ற இடத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது. முகவரி இல்லை, எண் இல்லை, ஊர் இல்லை. வேண்டாம் என்று சண்டை போட்டு வாங்கியவள் நான்தானே. கேட்டிருந்தால் அவன் எழுதியே இருக்க மாட்டான் என்று ஒரு மனசு சொன்னது. கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பானோ என்று இன்னொரு மனசு. எதிரே இருப்பவன் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறான், என்னிடம் அவனுக்குச் சொல்ல ஒரு வழி இல்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

பதில் சொல்ல ஒரே இடம்தான் இருந்தது. அந்தக் கட்டுரை. அவனும் பார்ப்பான், கூடவே ஊர் உலகமும் பார்க்கும். அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் வேகத்தடையின் அறைக்குப் போய், பெட்டியில் வந்ததைக் காட்டி, எழுதியது என் அண்ணன் என்றும் கட்டுரையிலேயே பதில் எழுத வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எத்தனை வரி வேணும்?" என்றார்.

"ஒண்ணு போதும் சார்."

"கடைசிப் படிக்குக் கீழ போடுங்க. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

இடத்துக்கு வந்து கட்டுரையைத் திருத்தத் திறந்தேன். 'அண்ணா' என்று எழுதினேன். 'அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது' என்று எழுதினேன். பாபினைத் துடைத்து மாட்டவும் என்ற வரிக்குக் கீழே அது கிடந்தது. அவன் ஏதோ ஒரு ஃபேக்டரியில், எண்ணெய்க் கையோடு, சுற்றிலும் ஆட்கள் நிற்க, இதைப் படிப்பான். படித்த பிறகு அவன் வருவானா? இனி யாருக்காக என்று ஒரேயடியாகப் போய்விடுவானா? எனக்குத் தெரியவில்லை. அழித்தேன். அழித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து, அவன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

அந்தப் பக்கம் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அதை அவள் மூடவுமில்லை.

"அம்மா?"

"தீர்ந்துடுச்சுன்னு எழுது. பொய் இல்லையே. கோபம் தீர்ந்துதானே போனாரு."

"அப்பா இல்லைங்கறதை?"

"அத எழுதாதே." குழாயை மூடும் சத்தம் கேட்டது. "அவன் வாசப்படி ஏறட்டும், நானே சொல்லிக்கறேன். அவன் அழும்போது பக்கத்துல நான் இருக்கணும். நீ வரச் சொல்லு, போதும்."

நான் எழுதினேன். "அண்ணா, தீர்ந்துவிட்டது. அம்மா காத்திருக்கிறாள். வா."

சேமித்தேன்.