றேணுகாவின் சிறுநீரகம்

"ஒரு நேரக் குளிசையும் விடேல்லை, டொக்டர்."

கேள்வி முடிவதற்கு முன்பே சந்திரகுமார் பதில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த மனைவியைப் பெருமையோடு பார்த்தார். "விட்டால் இவ என்னைச் சும்மா விடுவாவே? காலமை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் ஃபோனில அலாம் அடிக்கும். அது அடிக்கிறதுக்கு முந்தி இவட கை வாய்க்குக் கிட்ட வந்திடும். நான் பார்க்கிறதுகூட இல்லை. வாயைத் திறக்கிறதுதான் என்ர வேலை."

டொக்டர் நிம்றா சிரிக்கவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளைக் கோப்பின் மேல் வைத்து, விரலால் ஓர் இலக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "மூணு வருஷமா ஒண்டு தசம் மூணைத் தாண்டாத ஆள் நீங்க. இண்டைக்கு நாலு தசம் ஒண்டு. கிட்னி வடிச்சு வெளிய அனுப்ப வேண்டிய கழிவு ரத்தத்திலேயே நிக்குது. வீட்டுக்குப் போகேலாது. இப்பவே வார்டுக்குப் போங்க. நாளைக்கு ஊசி போட்டு, கிட்னியில ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேணும்."

"குளிசை ஒழுங்கா எடுத்தும் ஏன் டொக்டர் இப்பிடி?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்," என்றார் டொக்டர்.

சுதர்சினி மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பவும் சுற்றினாள். கணவர் சொன்னது பொய். அது பொய் என்று அவருக்கே தெரியாது. அந்த அறையில் அது அவளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. ஆறு நாள். காலையும் இரவுமாகப் பன்னிரண்டு தடவை.

சந்திரகுமார் வெள்ளவத்தையில் கார் ஓட்டப் பழக்குகிறவர். பழகுகிறவரின் பக்கம் ஒரு பிரேக், அவருடைய காலடியில் இன்னொரு பிரேக் என்று இரண்டு பிரேக் உள்ள பழைய காரில் இருபது வருடமாகக் காலி வீதி என்ற பெருந்தெருவில் போய் வருகிறார். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் மெஷினில் இரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு கிடந்தபோது, பாமன்கடையில் இருக்கும் தங்கை றேணுகாதான் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தாள். றேணுகாவின் கணவருக்கு அதில் விருப்பமில்லை. "ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வச்சுக்கொண்டு உனக்கென்ன விசரோ?" என்று கேட்டவர், ஆபரேஷனுக்குப் பிறகு நாலு மாதம் அவளுடன் கதைக்கவில்லை. றேணுகா அதையும் சிரிப்பாகத்தான் சொல்லுவாள். "கிட்னி போனதால வீட்டில சத்தமும் போச்சு, மச்சாள். அண்ணாவும் தப்பிட்டார். ஒண்டைக் குடுத்து ரெண்டு லாபம்."

ஆஸ்பத்திரியை விட்டு வந்த அன்று மூன்று வகைக் குளிசைகளைக் கையில் கொடுத்த தாதி, சுதர்சினிக்கு விளங்கும்படி சொன்னாள். உடம்புக்குள் காவல்காரர் இருக்கினம். வேற்று ஆள் உள்ளே வந்தால் அடிச்சுத் துரத்துவினம். தங்கைச்சியின்ர கிட்னி என்றாலும் அவர்களுக்கு அது வேற்று ஆள்தான். இந்தக் குளிசைகள் அவர்களை நித்திரையாக்கி வைக்கும். ஆயுள் முழுக்க எடுக்க வேணும். சுதர்சினி தலையாட்டினாள். மூன்று வருடம் ஒரு வேளை பிசகவில்லை. அந்த மூன்று வருடத்தில் அவள் கலியாண வீடுகளுக்குப் போகவில்லை, யாரும் தும்மினால் கணவரை எழுப்பி அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், சந்தையில் வாங்கிய கீரையை உப்புத் தண்ணீரில் மூன்று தரம் அலசினாள். நித்திரையில் கிடக்கும் காவல்காரருக்குப் பதிலாக அவளே வாசலில் நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் காய்ச்சல் உள்ளே வந்துவிட்டது. ஆறு கிழமைக்கு முந்தி, மழை விடாமல் அடித்த நாட்கள். தொடர்மாடியில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். சந்திரகுமாருக்கு நூற்று மூன்று. கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டெங்கு இல்லை, ஏதோ வைரஸ் என்றார்கள். அன்றைக்கு இருந்த இளம் டொக்டர் மூன்று குளிசைகளில் ஒன்றை மட்டும் ஒரு கிழமைக்கு நிறுத்தச் சொன்னார். "காய்ச்சலோட சண்டை பிடிக்க உடம்புக்குக் கொஞ்சம் இடம் குடுப்பம். மற்ற ரெண்டையும் கட்டாயம் எடுங்கோ."

அந்த ஒரு வசனத்தோடு அவள் சனிக்கிழமை வேலைக்குப் போனாள். அவளுக்கு ஒரு டியூஷன் சென்டரில் வேலை. பாடக் குறிப்புகளை டைப் செய்து, போட்டோ கொப்பி எடுத்து, ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். அவளுடைய மேசைக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அன்றைக்கு மைக்கில் உயிரியல் படிப்பிக்கும் மக்கீன் சேர், உடம்பு நோயை எதிர்ப்பதைச் சொல்லும் நிர்ப்பீடனம் என்ற பாடத்தைத் தொடங்கினார்.

"உடம்ப ஒரு ஃபிளாட் எண்டு வைங்க, பிள்ளைகள். தோல் மதில். மதில் ஏறிக் குதிச்சா கேட்டடியில செக்யூரிட்டி. அவன் ஆள் யாரெண்டு கேக்க மாட்டான், புடிச்சு முழுங்கிருவான். அவனாலயும் ஏலாட்டி மேல்மாடியில ஒரு கூட்டம் இரிக்கு. அவங்க கெட்டிக்காரனுகள். கள்ளன்ட மூஞ்சியப் பார்த்து, அவனுக்கு மட்டும் பொருந்துற விலங்கு செஞ்சு மாட்டுவானுகள். அதுதான் பிறபொருளெதிரி. அடுத்த முற அதே கள்ளன் வந்தா, கேட்டுக்குள்ள கால் வைக்க முந்தியே அடி. காய்ச்சல் எண்டா என்ன? உள்ளுக்க சண்ட நடக்குது. சண்ட நடக்கிறது நல்லம். சண்டையே இல்லாட்டி ஆள் முடிஞ்சான், மையத்து!"

வகுப்பு சிரித்தது. ஸ்டேப்பிள் அடித்துக்கொண்டிருந்த சுதர்சினியின் கை நின்றுவிட்டது. வீட்டில் சண்டை நடக்கிறது, காவல்காரர் நித்திரை, நித்திரை மருந்தைத் தன் கையாலேயே காலையும் இரவும் ஊட்டிக்கொண்டிருக்கிறாள். டொக்டரே ஒரு குளிசையை நிறுத்தினார். ஒன்றை நிறுத்தினால் கொஞ்சம் இடம் என்றால், மற்ற இரண்டையும் நிறுத்தினால்? காய்ச்சல் விடும் மட்டும். நாலைந்து நாள். பிறகு திரும்பவும் நித்திரையாக்கலாம். யாரையும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது; டொக்டர் வேண்டாம் என்பார் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. பின்னாளில் திரும்பத் திரும்ப யோசித்தபோது, அவளுக்கு அந்த இடம்தான் மிகவும் வலித்தது. தெரியாமல் செய்தேன் என்று முழுதாகச் சொல்லிக்கொள்ள அது விடவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு அவர் கண்ணைத் திறக்காமல் வாயைத் திறந்தார். அந்த இரண்டு குளிசைக்கும் பதிலாக ஒரு பனடோல், ஒரு விட்டமின் சி. விழுங்கிவிட்டு, "தாங்க்ஸ் சுதா," என்றார். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்டார். சுதர்சினி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். அன்றிரவே மூன்று குளிசைகளையும் பழையபடி கொடுக்கத் தொடங்கினாள்.

அதற்கு அடுத்த கிழமை சனிக்கிழமை, மக்கீன் சேரின் புதிய குறிப்பு போட்டோ கொப்பிக்கு வந்தது. நூற்று நாற்பது பிரதி. மெஷின் ஒவ்வொரு தாளாகத் துப்பியது. மேலே வந்த தாளை எடுத்து மை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். 'மாற்றீடு செய்யப்பட்ட உறுப்பை நிர்ப்பீடனத் தொகுதி அந்நியமாகவே இனங்காணும். வழங்கியவர் உடன்பிறந்தவராயினும் இது பொருந்தும். மருந்து சில நாட்கள் நிறுத்தப்படினும் தாக்குதல் ஆரம்பிக்கலாம். ஆரம்பித்த பின் மருந்தை மீளத் தொடங்குவது மட்டும் போதாமலாகலாம்.' அடுத்த தாளிலும் அதுவே இருந்தது. அதற்கடுத்ததிலும். சூடான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டேயிருந்தன. காவல்காரர் எழும்பி முதலில் பார்த்தது காய்ச்சலை மட்டும் இல்லை. மூன்று வருடமாகத் தங்களுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் இருந்த றேணுகாவையும் பார்த்திருப்பார்கள்.

அதன் பிறகு நாலு கிழமை அவள் யாருக்கும் வாய் திறக்கவில்லை. காலையில் அவர் எழும்ப முந்தி அவருடைய கணுக்காலில் பெருவிரலை அழுத்திப் பார்ப்பாள், வீக்கத்தில் குழி விழுகிறதா என்று. முதல் மூன்று கிழமையும் விழவில்லை. ஒன்றும் நடக்காது போலிருக்கிறது என்று நினைத்தாள். நாலாவது கிழமை விழுந்த குழி நிரம்ப நேரம் எடுத்தது. கிளினிக் திகதி நாலு நாளில் இருந்தது. அந்த நாலு நாளும் அவள் காத்திருந்தாள்.

வார்டில் சேர்த்த மறுநாள் காலை சிறுநீரகத்தில் துண்டு எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு நோயாளரைப் பார்க்க விட்டபோது றேணுகா சாப்பாட்டுப் பெட்டியுடன் வந்தாள். மழையில் நனைந்திருந்தாள்.

"என்னண்ணா, என்ர சாமானை உடைச்சுப் போட்டியளாம்?"

"உன்ர சாமான்தானே," என்றார் சந்திரகுமார். முகம் ஊதியிருந்தது. "உன்னை மாதிரித்தான். போன இடத்தில ஒத்துப்போகாது."

"மூண்டு வருஷம் உங்களோட ஒத்துப்போனதே பெரிய காரியம். மச்சாளைக் கேளுங்கோ."

சுதர்சினி சிரிக்க முயன்றாள். றேணுகா அவளை ஒரு பக்கமாக அழைத்துப் போய்ச் சத்தத்தைக் குறைத்தாள். "சாப்பிட்டனியளோ? முகத்தைப் பாருங்கோ. நேற்றையான் உடுப்பு. மச்சாள், நீங்கள் விழுந்தால் அண்ணாவை ஆர் பார்க்கிறது? உங்களை மாதிரி ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டினம். எங்கட அம்மாவே பார்த்திருக்க மாட்டா."

அந்தச் சொற்களைத் தாங்க முடியாமல் சுதர்சினி சுவரில் சாய்ந்தாள். அப்போது தாதி வந்து, டொக்டர் இருவரையும் கூப்பிடுகிறார் என்றாள்.

வார்டின் மூலையில் மேல் பாதி கண்ணாடி போட்ட சிறிய அறை அது. உள்ளே இருந்து பார்த்தால் சந்திரகுமாரின் கட்டில் தெரிந்தது. டொக்டர் நிம்றா இருவருக்கும் கதிரையைக் காட்டினார். ரிப்போர்ட் வந்துவிட்டது என்றார். உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கிறது. பாதிக்கு மேல் சேதம்.

 றேணுகா வேறு யாருடைய குரலிலோ கேட்டாள். "டொக்டர், நான் குடுத்ததில ஏதும் பிழை இருந்திருக்குமோ? எனக்குப் பிள்ளை வயித்தில இருக்கேக்க சாடையா பிரஷர் இருந்தது. அப்ப டெஸ்ட் பண்ணின டொக்டருக்குச் சொன்னனான், பரவாயில்லை எண்டவர். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேணுமோ?"

"இல்ல, இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"என்ர மனுசன் அப்பவே சொன்னவர், உன்ர உடம்பு உறுதியில்லை எண்டு. நான் கேக்கேல்லை." றேணுகா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அப்ப என்ன பிழை, டொக்டர்? குளிசையும் விடேல்லை. கிட்னியும் நல்லது. பிறகு என்ன?"

"குளிசை ஒழுங்கா எடுத்தும் உடம்பு இப்பிடித் தாக்குதெண்டா, அந்தக் குளிசைகள் அவருக்குப் போதாதெண்டுதான் நாங்க எடுக்க வேணும்," என்றார் டொக்டர். "அதுக்கு மேல ஒரு மருந்து இருக்கு. இண்டைக்கே ஏத்த நினைக்கிறம். அது காவலை நித்திரையாக்காது, துடைச்சு எடுத்திரும். கொஞ்ச நாளைக்கு ரத்தத்தில எதிர்க்கிறதுக்கு ஒண்டும் இருக்காது. சாதாரண தடிமன் வந்தாலும் ஆபத்து. போன மாசம்தான் காய்ச்சல்ல படுத்த ஆள். அதனாலதான் ரெண்டு பேரையும் வச்சுச் சொல்றன். உயிருக்கும் பயம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "குளிசை விட்டுத்தான் இது வந்ததெண்டா வேற கதை. லேசான வழியில முதல்ல பார்க்கலாம். கிட்னி தப்புமெண்டு சொல்லேலாது. ஆனா ஆளை இப்பிடி வெறுமையாக்கத் தேவையில்ல."

றேணுகா சுதர்சினியின் முழங்காலில் கையை வைத்து, "பயப்பிடாதேங்கோ மச்சாள்," என்றாள்.

அந்தக் கை ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. டொக்டர் கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினார். பேனாவின் சத்தம் கேட்டது. இரண்டு வரி. மூன்றாவது வரி.

"குடுக்கேல்லை," என்றாள் சுதர்சினி.

டொக்டர் நிமிர்ந்தார். "என்ன?"

"அவர் விடேல்லை. நான்தான் குடுக்கேல்லை. காய்ச்சல் நேரம்... காவல் எழும்பட்டும் எண்டு. அவருக்குத் தெரியாது."

பேனா நின்றது. றேணுகாவின் கை முழங்காலிலேயே இருந்தது. அது அழுத்தவும் இல்லை, விலகவும் இல்லை. அவள் சுதர்சினியின் பக்கம் திரும்பவில்லை. மேசையில் கிடந்த தன் அண்ணனின் பெயர் எழுதிய கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாக் குளிசையுமா?" டொக்டர் முன்பு எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தார். "எத்தனை நாள்?"

சுதர்சினி வாயைத் திறந்தாள்.  ஒரு சொல்தான். வரவில்லை. அவள் வலது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தாள். பிறகு அதை மடக்கி, ஒரு விரலை மட்டும் நீட்டினாள்.

கண்ணாடிக்கு அப்பால் கட்டிலில் சாய்ந்திருந்த சந்திரகுமார் அதைக் கண்டார். தன்னைப் பார்த்துத்தான் ஏதோ சைகை காட்டுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். சேலைன் குழாய் குத்தியிருந்த கையைக் கவனமாகப் படுக்கையில் விட்டுவிட்டு, மற்றக் கையை உயர்த்தி, சிரித்தபடி அவளுக்கு ஆட்டிக்கொண்டிருந்தார்.